வாசமில்லாத லோஷன்

என் மனைவியின் கைகளை நான் கடைசியாகப் பிடித்தது திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. அப்போது அவை நல்ல கைகளாக இருந்தன. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் சங்கரன்கோவிலிலேயே தங்கிவிட்டேன். அங்கே முதல் குளிர்காலம் முடிவதற்குள் அந்தக் கைகள் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், தொட்ட பிறகு கழுவ வேண்டும், இடையிடையே சானிட்டைசர் வேறு. ஒரு நாள் போனில் கையைக் கேமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.

"எங்க ஊர்க் குளம் கோடையில வத்திக் கெடக்கும்லா, அப்படியே இருக்கு பாருங்க" என்று சிரித்தாள். அவள் வாசுதேவநல்லூர்க்காரி, குளத்தையும் வயலையும் பார்த்து வளர்ந்தவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டிப் பிடித்து என் கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என்னையறியாமல் போன் கண்ணாடியைத் தடவினேன். விரல் பட்டு அழைப்பு அறுந்துபோயிற்று.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். ஷாம்பு, லோஷன், முகத்துக்குப் போடும் ஜெல் எல்லாம் செய்கிறோம். கலவை சரியாக இருக்கிறதா, கெட்டுப்போகாமல் நிற்குமா என்று சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. ஊரில் எல்லோரும் என்னைச் சோப்புக் கம்பெனிக்காரன் என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். காபி கொண்டுவந்தவள், "சோப்பு இல்லல்லா, இவுக லோஷன்லா செய்யுதாக" என்று தன் அம்மாவைத் திருத்தினாள். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன் என்பதை அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நம்புவதே இல்லை.

ஆக, எனக்குத் தெரிந்த ஒரே வேலை அவளுக்குத் தேவைப்பட்டது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, அடுப்படியைத் தேய்த்துக் கழுவி, மேடையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, லோஷன் செய்ய உட்கார்ந்தேன்.

லோஷன் என்றால் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கிருமியை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை, தானாக வந்து குடியேறும். அதனால்தான் பிரிசர்வேட்டிவ் என்ற ஒன்றைச் சேர்க்கிறோம். பாக்டீரியாவையும் பிடிக்க வேண்டும், பூஞ்சையையும் பிடிக்க வேண்டும், பூசுகிறவர் தோலை மட்டும் விட்டுவிட வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. "எதுக்குய்யா கெமிக்கல், கத்தாழையை வழிச்சிப் போட்டு இயற்கையாச் செய்யலாம்லா?" என்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். பச்சைக் கத்தாழையைப் போட்ட லோஷன் கிருமிகளுக்கு வைத்த விருந்து. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் போதும் என்பவர்கள் இன்னொரு ரகம். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க அது கொஞ்சம் உதவும், கிருமியை ஒன்றும் செய்யாது. இதைக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்.

என் வேலையில் சொட்டுக் கணக்கு கிடையாது. எல்லாம் தராசில்தான். நான் பயன்படுத்திய பிரிசர்வேட்டிவை நூறு கிராம் லோஷனுக்கு ஒரு கிராமுக்கு மேல் போடக் கூடாது. குறைந்தால் கிருமி மிஞ்சும், கூடினால் வெடித்த தோலில் எரியும். கலவை ஆறி, பாத்திரத்தைக் கையால் தொட்டுத் தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அதோடு கலவை கொஞ்சம் புளிப்புப் பக்கம் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அந்தப் புளிப்பின் அளவைத்தான் பி.எச் என்கிறோம். அந்த எண் ஏற ஏறப் புளிப்பு குறையும், அதனால் ஐந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பி.எச் காட்டும் காகிதப் பட்டையைத் தோய்த்து நிறம் பார்த்து, லேசாகச் சிட்ரிக் அமிலம் சேர்த்து, மறுபடியும் தொட்டுப் பார்த்து. விரலை உள்ளே விடுகிற டப்பா வேண்டாம் என்று அமுக்கினால் வருகிற பம்ப் பாட்டிலாக வாங்கியிருந்தேன். வாசனை எதுவும் சேர்க்கவில்லை. பிச்சிப்பூ வாசம் அவளுக்கு உயிர். ஆனால் புண்பட்ட தோலுக்கு வாசனைத் திரவியம் ஆகாது. மோந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாத அளவுக்குச் சுத்தமாகச் செய்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சரக்கு வெளியே போனால் அதே கலவையில் ஒரு பாட்டிலைத் திறக்காமல் நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே போனதில் கோளாறு என்று யாராவது சொன்னால் இதைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டிலும் அப்படியே செய்தேன். ஒரு பாட்டில் அவளுக்கு, ஒன்று என் பீரோவுக்கு. பீரோவில் அவள் விட்டுப்போன சேலைகளுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினேன். அவளுடையது, லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்பிப்போன, பக்கத்து ஊரான ராயகிரி நர்ஸ் பிள்ளை ஒருத்தியின் பெட்டியில் ஏறிப் போனது.

அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரும்போது எனக்குச் சாயங்காலம். சாப்பிட்டுவிட்டு வீடியோவில் கூப்பிடுவாள். போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு லோஷனை அமுக்கி எடுத்துக் கையில் தேய்ப்பாள். விரல் விரலாக, நகக்கண் வரைக்கும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம். நான் கலக்கி ஆற்றி அளந்தது அவள் தோலுக்குள் போகிறது என்பதே எனக்குப் போதும். அவள் கையைத் தொட எனக்கு மிச்சம் இருந்த ஒரே வழி அந்த லோஷன்தான். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கேலி செய்வாள்.

கைகள் தேறி வந்தன. வெடிப்பு மூடிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு நாள் கூப்பிட்டவள் கையைக் காட்டவில்லை. முகத்தை மட்டும் காட்டிப் பேசினாள்.

"கையக் காட்டுட்டி" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாருந்தா காட்டு."

காட்டினாள். விரலிடுக்குகளில் சிவந்து தடித்திருந்தது. வலது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பழைய வெடிப்பு ஒன்று திறந்து சீழ் கட்டியிருந்தது.

மருத்துவமனையிலேயே டாக்டர் பார்த்தாராம். புண்ணில் கிருமி ஏறிவிட்டது என்று மருந்து கொடுத்து, ஆறும் வரைக்கும் நோயாளிகளைத் தொடக் கூடாது என்று வார்டிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். என்ன பூசுகிறாய் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் செய்த லோஷன் என்று சொல்லியிருக்கிறாள். அதை நிறுத்து, இனிமேல் தொடாதே என்றாராம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதைக் கேட்டபோது என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

லோஷனைக் காட்டச் சொன்னேன். தட்டில் அமுக்கிக் காட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது. ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றது.

"நாத்தம் இருக்கா?"

"லேசா."

அவள் போனை வைத்ததும் பீரோவைத் திறந்து என் பாட்டிலை எடுத்தேன். தட்டில் அமுக்கினேன். பால் போல வெள்ளையாக வந்தது. வாடை இல்லை. காகிதப் பட்டையைத் தொட்டேன், பி.எச் வைத்த இடத்தில் அப்படியே நின்றது. மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப்போய்க் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டில் தடவி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஒரே பாத்திரத்தில் பிறந்த இரண்டு பாட்டில். இங்கே இருந்தது நன்றாக இருக்கிறது, அங்கே போனது கெட்டுவிட்டது.

விமானத்தில் சூடு பட்டதோ என்று நினைத்தேன். பம்ப் வழியாக ஏதாவது இறங்கியதோ என்று நினைத்தேன். பிரிசர்வேட்டிவை இரண்டு மடங்காகப் போட்டு இன்னொரு பாட்டில் அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. தராசுக்கு முன்னால் போய் உட்கார்ந்தும் விட்டேன். பிறகு அந்தச் சிவந்த விரலிடுக்கு நினைவுக்கு வந்தது. பயத்தில் அள்ளிப் போடுகிறவன் கையில் அது மருந்தில்லை. எழுந்து வந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். "என்னலே முகம் இப்படிக் கெடக்கு?" என்று குழறலாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அவளிடம் பி.எச் காகிதம் வாங்கிப் பார்க்கச் சொன்னேன். வாங்கினாள். தொட்டுக் காட்டினாள். என்னுடையதில் மஞ்சளாக வந்த காகிதம் அவளுடையதில் பச்சையாக வந்தது. புளிப்பு போய்விட்டது. புளிப்பு போனால் அந்தப் பிரிசர்வேட்டிவ் காவல் நிற்காது. ஆனால் புளிப்பு தானாக எப்படிப் போகும்? ஏதோ உள்ளே போயிருக்கிறது.

"தண்ணி கலந்தியா?"

"இல்ல."

"பாட்டில் மூடியக் கழத்துனியா?"

அவள் முகம் கேமராவை விட்டு நகர்ந்தது.

"ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன். கழத்துனியா இல்லையா?"

"திட்டாதிய" என்றாள்.

"திட்டல. சொல்லு."

"திட்டத்தான் போறிய."

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அவள் புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. கட்டி வந்தால், படை வந்தால், கொப்புளம் கிளம்பினால் அதைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவோம். ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொள்வோம். கிருமி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் வாயில் போடுவதை நிறுத்திவிட்டேன், நெற்றியில் வைப்பதை நிறுத்தவில்லை. அன்றைக்கு அவள் கைக்குட்டை நிறைய மண்ணை அள்ளி முடிந்துகொண்டாள். "ஏர்போர்ட்டுல புடிச்சிக் கேட்டா என்னட்டி சொல்லுவ?" என்று கேலி செய்தேன். "திருநீறுன்னு சொல்லுவேன். அவனுக்கு என்ன தெரியப்போவுது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அதை மறந்தே போனேன்.

அவள் மறக்கவில்லை. அந்த மண்ணைத்தான் லோஷன் பாட்டிலில் போட்டுக் குலுக்கியிருக்கிறாள்.

நான் உண்மையிலேயே திட்டவில்லை. எவ்வளவு அளந்து, எவ்வளவு துடைத்து, ஒரு கிருமி உள்ளே வந்துவிடக் கூடாது என்று செய்த பாட்டில் அது. தெரியாமல் விரல் பட்டுப் போகிற நாலு கிருமியைப் பிரிசர்வேட்டிவ் சமாளிக்கும். ஒரு பிடி மண்ணோடு அது என்ன செய்யும்? மண்ணுக்குள் இல்லாத கிருமியா? போதாததற்கு அந்த மண் புளிப்பையும் தின்றுவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் லோஷனைக் கெடுத்திருப்பார்கள். இப்படிக் கெடுக்க எங்கள் ஊர்க்காரியால் மட்டும்தான் முடியும்.

"நர்ஸ்தானட்டி நீ? புண்ணுல மண்ணப் பூசலாமான்னு ஒனக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"பெறகு?"

"தோல் எல்லாம் ஆறித்தான இருந்துச்சு. வெறும் மண்ணாப் பூசிக்கிட்டு வார்டுக்குப் போக முடியாதுல்லா. லோஷனோட சேர்ந்தா தோலுக்குள்ள போயிரும்னு நெனச்சேன். நம்ம ஊர்ல கைக்கு ஒண்ணுன்னா வேற என்னத்தப் பூசுவோம்?" பிறகு குரல் இறங்கியது. "அதுவும் இல்ல. வாசத்துக்குத்தான் போட்டேன்."

"என்ன வாசம்?"

"இங்கன எப்பப் பார்த்தாலும் மழதாங்க. காலையில எந்திரிச்சா மழ, வேலைக்குப் போனா மழ. ஒரு நாளாவது மண்ணு வாசம் வந்ததில்ல. தரை காஞ்சாத்தான வாசம் வரும், இங்கன காயவே மாட்டங்கு. அந்தக் கைக்குட்டையப் பிரிச்சி ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன். அப்படியே நம்ம ஊர்ல மொத மழ பெஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒங்க லோஷன மோந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல. நீங்க செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? கடையில வாங்கினது மாதிரி இருக்கு. ஒங்க வாசமும் இல்ல, நம்ம வீட்டு வாசமும் இல்ல."

அவளுக்கு எரிச்சல் வரக் கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். பிச்சிப்பூ வேண்டாம், கத்தாழை வேண்டாம், எண்ணெயில்கூட வாடை இல்லாததாகப் பார்த்து. கடைசியில் அவள் மோந்து பார்த்தபோது அதில் நானும் இல்லை.

"அந்தப் பாட்டில என்ன செஞ்ச?"

"இங்கனதான் இருக்கு. தூரப் போட மனசு வரல."

"போட்டுரு. நாளைக்கே போட்டுரு. அதுல இப்போ கிருமிதான் குடும்பம் நடத்துது."

"சரி." பிறகு, "இனிமே அனுப்ப மாட்டியளோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்காமல் வைத்திருந்தேன். பூசக் கூடாது என்று அவள் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பேச்சை மீறி நான் அனுப்ப மாட்டேன், அது அவள் கை. "டாக்டர்கிட்ட நெசத்தச் சொல்லு. மண்ணப் போட்டேன்னு சொல்லு. அவுக என்ன சொல்லுதாகளோ அதக் கேப்போம்" என்றேன்.

சொன்னாள். அவர் முதலில் புரியாமல் விழித்தாராம். கறையான் புற்று என்று போனில் படம் காட்டி விளக்கியிருக்கிறாள். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பிறகு லோஷனில் என்னென்ன இருக்கிறது, பிரிசர்வேட்டிவ் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். புண் முழுக்க ஆறி, தான் கையைப் பார்த்த பிறகு, மூடி திறக்காத புதுப் பாட்டில் என்றால் பூசிக்கொள்ளலாம், சிவந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். அந்தச் செய்தி வந்த நேரம் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கரண்டி அவர் மூக்குக்குப் போய்விட்டது.

புண் ஆறும் வரைக்கும் நானும் காத்திருந்தேன். ஆடித்தபசுக்கு ஊரே கூடியிருந்தது. சாமியைப் பார்க்க அம்மன் தவமிருந்து காத்து நிற்பதைப் பார்க்க ஒவ்வொரு வருஷமும்தான் போகிறேன். கூட்டத்தில் ஆளோடு ஆளாக இடிபட்டு நின்று தேங்காய்ப் பழத்தோடு திரும்பிவிடுவேன். இந்த வருஷம் கும்பிடக் கை தூக்கியதும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "தூசி விழுந்துட்டோ?" என்றார். ஆமாம் என்று துடைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அடுப்படியைக் கழுவினேன். அதே தராசு, அதே அளவு, அதே ஒரு கிராம். வாசனை சேர்க்கவில்லை. அதில் நான் இறங்கிவர முடியாது, அவளிடமும் சொல்லிவிட்டேன். மிச்சம் இருக்கும் மண்ணை மட்டும் ஈரம் படாமல் தனியாக ஒரு டப்பாவில் வை, ஆசை வந்தால் ஒரு துளியைத் தட்டில் போட்டுச் சொட்டுத் தண்ணீர் விட்டு மோந்து பார், கையில் மட்டும் பூசிவிடாதே என்றேன்.

"மோந்து பார்த்துட்டு பெறகு லோஷன் பூசிக்கிடவா?"

"கையக் கழுவிட்டுப் பூசு."

"கழுவிக் கழுவித்தான இந்தக் கதி" என்றாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பாட்டில்களை நிரப்பும்போது அவள் போனில் இருந்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று திறக்காமல் பீரோவுக்கு என்று எடுத்து வைத்தேன்.

"ஒங்களுக்கு?" என்றாள்.

"எனக்கு எதுக்கு? என் கை நல்லாத்தான இருக்கு."

"ஒண்ணு எடுத்து வைங்க. நான் பூசும்போது நீங்களும் பூசுங்க. நீங்க சும்மா பார்த்துக்கிட்டே இருக்கிறது எனக்கு என்னமோ போல இருக்கு."

மூன்றாவதாக ஒரு பாட்டில் நிரப்பினேன்.

அவளுடையது போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் போனைச் சாய்த்து வைத்தேன். அவளும் அங்கே சாய்த்து வைத்தாள். முதலில் ஒரு சின்னத் தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் போனில் கேட்டது. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. இங்கே வெயில் இறங்கவில்லை, தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது. போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். இருவரும் ஆளுக்கொரு தரம் அமுக்கி எடுத்தோம்.

அவள் சுண்டு விரலில் ஆரம்பித்தாள். நானும் சுண்டு விரலில் ஆரம்பித்தேன். என் வலது கையை என் இடது கையால் தேய்த்துக்கொண்டே வந்தேன். கட்டைவிரலுக்குப் பக்கத்தில், அவளுக்குப் புண் வந்த அந்த இடத்துக்கு வந்ததும் ஏதோ வேகத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"மெல்லத் தேய்ங்க" என்றாள் அவள். "அந்த இடத்துல எனக்கு இன்னும் வலிக்கு."

நான் மெல்லத் தேய்த்தேன்.